கோயம்பேட்டைக் கிளாம்பாக்கமாக மாற்றிய கதை: பிஎச்பியோடு ஒரு வார இறுதி

சித்தப்பா அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த ஊருக்கு எந்தத் தடம், எங்கே இறங்கி எங்கே மாற வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில். அதையெல்லாம் எழுதிப் போட அவருக்கென்று ஒரு சின்ன வலைத்தளம் பத்து வருடத்துக்கு முன்னால் நான்தான் செய்து கொடுத்தேன். தென்மாவட்டக் கோயில்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம், பக்கத்தின் அடியில் 'எப்படிப் போவது' என்று ஒரு பத்தி. முந்நூற்றுச் சொச்சம் பக்கங்கள். எல்லாம் மைசீக்வெல் தரவுத்தளத்தில் ஒரே டேபிளில், ஒவ்வொரு பக்கமும் ஒரு நீளமான ஹெச்டிஎம்எல் ஸ்ட்ரிங்காக, அதாவது வலைப்பக்கக் குறிகளோடு கூடிய எழுத்துத் தொடராகக் கிடக்கிறது.

2023 டிசம்பர் 30-ஆம் தேதி சென்னையின் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தார்கள். அடுத்த சில வாரங்களில் தெற்கே போகும் பேருந்துகள் அங்கே போய்விட்டன. 2002-லிருந்து கோயம்பேட்டில் ஏறிப் பழகிய சனங்கள் சித்தப்பாவின் பக்கத்தைப் படித்துவிட்டு மூட்டை முடிச்சோடு கோயம்பேட்டில் போய் நின்றிருக்கிறார்கள். அவருக்கு நான்கைந்து பேர் போன் போட்டுத் திட்டியதும் எனக்குப் போன் வந்தது. "என்னடா, கோயம்பேடுன்னு இருக்கற இடத்துல எல்லாம் கிளாம்பாக்கம்னு மாத்தணும், அஞ்சு நிமிஷ வேலைதானே?"

நானும் அஞ்சு நிமிஷ வேலை என்றுதான் நினைத்தேன்.

பேக்கப் எடுத்தேன், அந்த அளவுக்கு அறிவு இருந்தது. பிறகு எல்லா வரிசையையும் எடுத்து, பிஎச்பி நிரல்மொழியின் ஸ்ட்ரிங்-ரீப்ளேஸ் ஃபங்ஷனில் 'கோயம்பேடு' கொடுத்து 'கிளாம்பாக்கம்' வாங்கி, திரும்ப எழுதினேன். ஓடி முடிய இரண்டு விநாடி. பக்கத்தைத் திறந்தால் முதலில் கண்ணில் பட்டது படம் இருந்த இடத்தில் உடைந்த படக்குறி. சித்தப்பா தான் எடுத்த படங்களுக்குத் தமிழிலேயே பெயர் வைப்பார், 'கோயம்பேடு-வாசல்-2' என்கிற மாதிரி. ஸ்ட்ரிங்-ரீப்ளேஸுக்கு எது வாக்கியம், எது படத்தின் முகவரி என்று எப்படித் தெரியும்? அதற்கு எல்லாமே வெறும் பைட்டுகள். முகவரியிலும் கிளாம்பாக்கம் என்று மாற்றிவிட்டது, அந்தப் பெயரில் சர்வரில் படம் எதுவும் இல்லை. உள்பக்க இணைப்புகளும் அதே மாதிரி நான்கைந்து போயின.

அது போக, மாற வேண்டியது பாதி மாறவே இல்லை. ஏனென்றால் தமிழில் யார் 'கோயம்பேடு' என்று மொட்டையாக எழுதுகிறார்கள்? 'கோயம்பேட்டில் ஏறி', 'கோயம்பேட்டிலிருந்து', 'கோயம்பேட்டுக்கு வந்து', 'கோயம்பேட்டை விட்டு'. வேற்றுமை உருபு ஏறியதும் டகரம் இரட்டித்துவிடுகிறது, 'கோயம்பேடு' என்ற பைட் வரிசையே அங்கே இல்லை. இதைப் பள்ளியில் படித்திருக்கிறேன், மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன், ஆனால் விசைப்பலகை முன்னால் உட்கார்ந்தபோது ஞாபகம் வரவில்லை.

பேக்கப்பைத் திரும்ப ஏற்றினேன். சரி, ரெகெக்ஸில், அதாவது சொல்லின் வடிவத்தை விதியாக எழுதித் தேடும் முறையில் செய்வோம் என்று அடுத்த கட்டம்.

டேக்குக்குள், அதாவது கோணக்குறிகளுக்கு நடுவில் இருப்பதைத் தொடாமல் விட ஒரு பழைய தந்திரம் உண்டு: தேடும் சொல்லுக்குப் பிறகு, அடுத்த திறப்புக் கோணக்குறிக்கு முன்னால் ஒரு மூடும் கோணக்குறி வந்தால் அது டேக்குக்குள் இருக்கிறது, விட்டுவிடு. முக்கால்வாசி வேலை செய்யும். மீதிக் கால்வாசியில் ஸ்கிரிப்ட் பிளாக் வரும், கமெண்ட் வரும், படத்துக்கு விளக்கமாகத் தரும் ஆல்ட் எழுத்துக்குள் யாராவது அம்புக்குறி போட்டிருப்பார்கள். அதைக்கூட நான் சகித்துக்கொண்டிருப்பேன். என்னை வீழ்த்தியது சொல் எல்லை.

ரெகெக்ஸில் சொல் எல்லைக்கு ஒரு குறி இருக்கிறது, பின்சாய்கோடும் 'பி'-யும். ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் கண்ணை மூடிக்கொண்டு போடுவார்கள். பிஎச்பியில் 'யு' கொடியும் சேர்த்துவிட்டால் யூனிகோடுக்கும் வேலை செய்யும் என்றுதான் நினைத்திருந்தேன். 'கோயம்பேடு' என்று எழுதி முடிவில் சொல் எல்லை போட்டால் 'கோயம்பேடு பேருந்து நிலையம்' சிக்கவில்லை. ஆனால் 'கோயம்பேடுதான்' சிக்கியது! தலைகீழாக. அரை மணி நேரம் திரையை முறைத்துப் பார்த்த பிறகுதான் புரிந்தது. உகரக்குறி யூனிகோடின் கணக்கில் எழுத்து இல்லை, குறி. 'டு' என்பது நமக்கு ஓர் எழுத்து, கணினிக்கு 'ட' என்ற எழுத்தும் அதன் பின்னால் ஓர் ஒட்டுக்குறியும். சொல் எல்லை என்பது 'சொல் எழுத்து ஒரு பக்கம், சொல் அல்லாதது மறுபக்கம்' என்ற இடம். உகரக்குறிக்குப் பின் இடைவெளி வந்தால் இரண்டுமே சொல் அல்லாதவை, எல்லை கிடையாது. உகரக்குறிக்குப் பின் 'தா' வந்தால் அங்கே எல்லை! தமிழுக்கு அந்தக் குறியை நம்பவே கூடாது. வேண்டுமென்றால் 'முன்னாலும் பின்னாலும் எழுத்து வகையோ குறி வகையோ வரக்கூடாது' என்று நாமே எழுதிக்கொள்ள வேண்டும், யூனிகோட் வகைகளான எல் (எழுத்து), எம் (குறி) இரண்டையும் ஒரு சதுர அடைப்புக்குள் போட்டு.

இந்தக் கட்டத்தில்தான் கொஞ்சம் பெரிய விபத்து ஒன்று. ஒவ்வொரு பக்கத்துக்கும் முகப்பில் காட்ட ஒரு சுருக்கம் தனி நெடுவரிசையில் இருக்கிறது. ரெகெக்ஸை அதன் மீதும் ஓட்டினேன். முகப்பைத் திறந்தால் ஏறக்குறைய இருபது கோயில்களுக்குச் சுருக்கம் காலி, வெறும் தலைப்பு மட்டும் நிற்கிறது. எந்தப் பிழைச் செய்தியும் இல்லை.

காரணம் பத்து வருடத்துக்கு முந்தைய நானே. சுருக்கம் எடுக்க அன்றைக்கு எழுதியது, முதல் 200 பைட்டை வெட்டு என்று. தமிழ் எழுத்து ஒவ்வொன்றும், யூனிகோடைப் பைட்டுகளாக எழுதும் முறையான யூடிஎஃப்-8-இல் 3 பைட், 'பே' மாதிரி குறி சேர்ந்தால் 6. 200-ஆவது பைட்டில் கத்தி விழுந்தால் பல இடத்தில் எழுத்தின் நடுவில்தான் விழும். டேபிளும் ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்-1 என்று பிறந்து, உள்ளே யூடிஎஃப்-8 பைட்டுகளைச் சுமந்துகொண்டிருந்த பழைய டேபிள், அதனால் மைசீக்வெலும் ஏன் என்று கேட்கவில்லை. உலாவியில் கடைசியில் ஒரு கேள்விக்குறி வைரம் தெரியும், யாரும் கண்டுகொள்ளவில்லை. ஆனால் 'யு' கொடி போட்ட ப்ரெக்-ரீப்ளேஸ், அதாவது ரெகெக்ஸால் மாற்றும் ஃபங்ஷன், கெட்டுப்போன யூடிஎஃப்-8 ஒரு பைட் இருந்தாலும் வேலையே செய்யாது, நல் என்ற வெற்று மதிப்பைத் திருப்பித் தரும். நான் அந்த நல்லை அப்படியே டேபிளில் எழுதிவிட்டேன்.

இது பிஎச்பியில் எழுதும் எல்லாரும் ஒரு தடவையாவது விழுகிற குழி என்று நினைக்கிறேன். ப்ரெக்-ரீப்ளேஸ் தோற்றால் கத்தாது. பின்வாங்கும் எல்லை, அதாவது பொருந்தாதபோது எத்தனை முறை பின்னால் போய் வேறு வழி பார்க்கலாம் என்று இயல்பாக 10 லட்சமாக வைத்திருக்கும் வரம்பு, நீளமான பக்கத்தில் தாண்டினாலும் இதே நல்தான். திரும்பி வந்தது நல் மதிப்பா என்று பார்க்காமல் சேமிக்கவே கூடாது. பிஎச்பி 8-இல் கடைசிப் பிழையைச் சொற்களாகவே சொல்லும் ஃபங்ஷன் ஒன்று வந்துவிட்டது. சித்தப்பாவின் தளம் இருக்கும் சர்வரில் 7.4-தான், வெறும் எண் வரும், அதையாவது பார்த்திருக்கலாம். சுருக்கங்களுக்கு, பல பைட் எழுத்துகளுக்கான எம்பி-ஸ்ட்ரிங்கின் ஸ்க்ரப் ஃபங்ஷனை முதலில் ஓட்டி, உடைந்த பைட்டுகளைச் சரிசெய்தேன். வெட்டும் இடத்தையும் எம்பி வகை ஃபங்ஷனுக்கு மாற்றினேன்.

மறுபடி பேக்கப். இதற்குள் சனிக்கிழமை சாயங்காலம் ஆகிவிட்டது.

அப்புறம்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன்: ஹெச்டிஎம்எல்லை ஹெச்டிஎம்எல்லாகவே படிக்கிற டாம்-டாக்குமெண்ட். ஸ்ட்ரிங்கை அதற்குக் கொடுத்தால் மரமாகப் பிரித்துத் தரும், அதில் எழுத்துக் கணுக்களை மட்டும் எக்ஸ்பாத் என்ற தேடுமொழியில் கேட்டு வாங்கி, ஸ்கிரிப்ட், ஸ்டைல் இரண்டின் உள்ளே இருப்பதை ஒதுக்கிவிட்டு, மீதியில் மட்டும் கை வைக்கலாம். படத்தின் முகவரி பக்கமே போக வேண்டாம். ஆல்ட், டைட்டில் இரண்டு பண்புகளை மட்டும் தனியாகக் கேட்டு வாங்கி மாற்றினேன், ஏனென்றால் அவை மனிதர்கள் படிப்பது.

முதல் ஓட்டத்தில் தமிழ் முழுவதும் தலையில் கோடு போட்ட லத்தீன் எழுத்துகளாகவும் வட்டத்துக்குள் ஆர் போட்ட குறிகளாகவும் வந்து நின்றது. இது தெரிந்த வியாதி. ஸ்ட்ரிங்குக்குள் எழுத்துக்குறியீடு எது என்று சொல்லும் மெட்டா டேக் இல்லாவிட்டால் இந்த ஆள் லத்தீன்-1 என்று எடுத்துக்கொள்வார். பலர் எம்பி-கன்வெர்ட்-என்கோடிங்கில் ஹெச்டிஎம்எல்-என்டிட்டீஸ் என்று கொடுத்துச் சமாளிப்பார்கள், அது 8.2-லிருந்து கைவிடப்பட்ட வழி, புதிதாக எழுதும்போது வேண்டாம். நான் ஸ்ட்ரிங்குக்கு முன்னால் யூடிஎஃப்-8 என்று சொல்லும் மெட்டா டேக் ஒன்றை ஒட்டினேன். கூடவே முழு ஸ்ட்ரிங்கையும் ஐடி கொடுத்த ஒரு டிவ்வுக்குள், அதாவது வெறும் பெட்டி போன்ற ஒரு டேக்குக்குள் போட்டேன். வேலை முடிந்ததும் அந்த டிவ்வின் பிள்ளைகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சேவ்-ஹெச்டிஎம்எல் செய்து ஒட்டினால், நாம் கேட்காமலே அது சேர்க்கிற ஹெச்டிஎம்எல், பாடி டேக்குகளும் மெட்டாவும் வெளியே நின்றுவிடும். சேர்க்காதே என்று சொல்லும் கொடி ஒன்று இருக்கிறதே என்றால், இருக்கிறது, ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட பத்திகள் இருந்தால் முதல் பத்தியை அப்பாவாக்கி மற்றதையெல்லாம் அதன் மடியில் உட்கார வைத்துவிடும். டிவ் போடுவதே நிம்மதி.

ஃபிகர், செக்‌ஷன் போன்ற டேக்குகளைப் பார்த்ததும் எச்சரிக்கை மழை பொழியும், இந்த டாம் ஹெச்டிஎம்எல் 4 காலத்து ஆள். டாமின் அடியில் ஓடும் லிப்எக்ஸ்எம்எல் நூலகத்தின் பிழைகளை உள்ளேயே வைத்துக்கொள் என்று ஒரு வரி போட்டால் அடங்கிவிடும். பிஎச்பி 8.4-இல் ஹெச்டிஎம்எல் 5 புரிந்த புது டாம் வந்திருக்கிறது, அந்த சர்வர் கையில் இருப்பவர்கள் இந்தப் பத்தியையே மறந்துவிடலாம்.

சரி, எழுத்துக் கணு கைக்கு வந்தாயிற்று. உள்ளே எதை வைத்து மாற்றுவது? ரெகெக்ஸ் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன், கோபம் ஒரு காரணம். ஒரு தாளில் சித்தப்பா எழுதும் வடிவங்களையெல்லாம் எழுதிப் பார்த்தேன். கோயம்பேட்டில், கிளாம்பாக்கத்தில். கோயம்பேட்டுக்கு, கிளாம்பாக்கத்துக்கு. கோயம்பேட்டை, கிளாம்பாக்கத்தை. அவர் பேச்சுவாக்கில் எழுதும் கோயம்பேட்டுல, கிளாம்பாக்கத்துல. எல்லாவற்றிலும் 'கோயம்பேட்ட' வரைக்கும் ஒன்று, 'கிளாம்பாக்கத்த' வரைக்கும் ஒன்று, அதற்குப் பிறகு வரும் குறியும் உருபும் அச்சு அசலாக ஒன்றே! கண்ணுக்கு அரைகுறைச் சொல்லாகத் தெரியும் 'கோயம்பேட்ட' என்பதை எடுத்து 'கிளாம்பாக்கத்த' என்று வைத்தால், பின்னால் இருக்கும் இகரமோ உகரமோ ஐகாரமோ தானாகப் புது 'த'-வின் மேல் ஏறிக்கொள்ளும். யூனிகோட் குறியைத் தனியாக வைத்திருப்பதால் காலையில் பட்ட பாட்டுக்கு இங்கே வட்டியோடு திருப்பிக் கிடைத்தது. உருபு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விதி எழுத உட்கார்ந்தவன், ஒரே விதியோடு எழுந்தேன்.

விதிவிலக்குகள் இரண்டு மூன்று. 'கோயம்பேடும்' என்பதில் வெறும் 'கோயம்பேடு'-வை மாற்றினால் 'கிளாம்பாக்கம்ம்' என்று வரும். சித்தப்பா சில இடத்தில் 'கோயம்பேடுக்கு' என்று எழுதியிருக்கிறார், அது 'கிளாம்பாக்கம்க்கு' ஆகும், வாயில் நுழையாது. இங்கேதான் எஸ்டிஆர்-டிஆர் என்கிற, யாரும் அதிகம் கவனிக்காத ஃபங்ஷன் கை கொடுத்தது. அதற்கு ஓர் அர்ரே, அதாவது பழைய சொல் சாவியாகவும் புதிய சொல் மதிப்பாகவும் உள்ள பட்டியல் கொடுத்தால், நீளமான சாவியை முதலில் பொருத்தும், ஒரு முறை மாற்றிய இடத்தை அதே ஓட்டத்தில் மறுபடி தொடாது. ஆகவே 'கோயம்பேடும்' இருந்தால் 'கிளாம்பாக்கமும்', 'கோயம்பேடுக்கு' இருந்தால் 'கிளாம்பாக்கத்துக்கு', இரண்டும் இல்லாமல் வெறும் 'கோயம்பேடு' என்றால் 'கிளாம்பாக்கம்'. அர்ரேயில் எந்த வரிசையில் எழுதினாலும் பரவாயில்லை. ஸ்ட்ரிங்-ரீப்ளேஸுக்கும் அர்ரே கொடுக்கலாம், ஆனால் அது முதல் விதியை முழுக்க ஓட்டி, அதன் விளைவின் மேல் இரண்டாவது விதியை ஓட்டும். கிளாம்பாக்கம் என்று வரும் இடத்தில் அடைப்புக்குறிக்குள் முனையத்தின் முழுப்பெயரும் வேண்டும் என்று சித்தப்பா கேட்டு, நான் காலையில் அதையும் ஒரு விதியாகச் சேர்த்து, தவறுதலாக இரண்டு தடவை ஓட்டி, ஒவ்வொரு கிளாம்பாக்கத்துக்கும் இரண்டு அடைப்புக்குறி வந்ததை இங்கே விரிவாக எழுதவில்லை. அந்த விதியையே தூக்கிவிட்டேன்.

ஓட்டினேன். எண்ணிக்கை இடித்தது. கண்ணால் பார்த்தால் கோயம்பேடு இருக்கிறது, ஸ்கிரிப்ட் இல்லை என்கிறது. ஒரு பக்கத்தில் அந்த ஒரு சொல்லை எடுத்துப் பைட் பைட்டாக அச்சிட்டுப் பார்த்தேன். 'கோ' என்பதில் ஓகாரக்குறி ஒரே குறியாக இல்லை, ஏகாரக்கொம்பு ஒன்று, துணைக்கால் ஒன்று, இரண்டு குறியாக இருந்தது. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றி ஒட்டிய பக்கங்கள் போல. திரையில் இரண்டும் ஒரே முகம், உள்ளே வேறு வேறு. பிஎச்பியின் இன்டில் நீட்சியில் இருக்கும் நார்மலைசரை, குறிகளைச் சேர்த்து எழுதும் என்எஃப்சி முறையில் ஓட்டினால் இரண்டு குறியும் சேர்ந்து ஒன்றாகிவிடும். எழுத்துக் கணுவை எடுத்ததும் முதல் வேலையாக அதைச் செய்யச் சொன்னேன். ஆனால் இது சர்வரோகநிவாரணி இல்லை. ஔகாரத்துக்குப் பதில் ஒற்றைக்கொம்பும் 'ள'-வும் தட்டியிருந்தால் நார்மலைசர் தொடாது. ஸ்ரீரங்கத்தின் 'ஸ்ரீ'-யை ஸகரத்தில் தொடங்கி ஒரு விதமாகவும், 2005-இல் யூனிகோட் 4.1-இல் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கி இன்னொரு விதமாகவும் தட்டலாம், அதையும் தொடாது. எனக்கு இந்த முறை ஸ்ரீரங்கம் தேவைப்படவில்லை, தப்பித்தேன்.

நார்மலைஸ் செய்த பிறகும் ஏழு இடம் பாக்கி. அதில் சில, வேர்டிலிருந்து வெட்டி ஒட்டியதில் 'கோயம்' ஒரு ஸ்பேன் டேக்குக்குள்ளும் 'பேட்டில்' அடுத்த ஸ்பேனுக்குள்ளும் பிரிந்து கிடந்தவை. கணு கணுவாகப் பார்க்கும் ஸ்கிரிப்டுக்கு இது தெரியாது. பத்தி முழுவதின் டெக்ஸ்ட்-கன்டெண்டில், அதாவது டேக் நீங்கிய மொத்த எழுத்தில் எத்தனை, கணுக்களில் கிடைத்தது எத்தனை என்று ஒப்பிட்டு, வித்தியாசம் உள்ள பக்கங்களைப் பட்டியல் போட்டுக் கையாலேயே திருத்தினேன். மீதி, தேடுபொறிக்காக ஸ்கிரிப்ட் டேக்குக்குள் போட்டிருந்த ஜேசான் வடிவத் தரவில். அங்கே தமிழ் எழுத்தே இல்லை, ஜேசான்-என்கோட் ஒவ்வொரு எழுத்தையும் பின்சாய்கோடு, 'யு', நான்கு இலக்கம் என்று மாற்றி வைத்திருந்தது. டீகோட் செய்து, மாற்றி, யூனிகோடை அப்படியே விடு என்ற கொடியோடு திரும்ப என்கோட் செய்தேன்.

இன்னொரு எரிச்சல், சேவ்-ஹெச்டிஎம்எல் நாம் தொடாத இடத்தையும் கொஞ்சம் தொடும். தமிழில் இருந்த பட முகவரிகளைச் சதவீதக் குறிகளாக மாற்றி எழுதியது. உலாவிக்கு இரண்டும் ஒன்றுதான், படம் வருகிறது, ஆனால் பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுப் பார்க்கும்போது எல்லா வரியும் மாறியது போலத் தெரியும். அதனால் உண்மையில் சொல் மாறிய பக்கத்தை மட்டும் சேமிப்பது, மற்றதை அப்படியே விடுவது என்று வைத்துக்கொண்டேன்.

இவ்வளவுக்குப் பிறகு ஓர் அடிப்படைக் கேள்வி மிச்சம் இருந்தது, அதை ஞாயிறு காலை சித்தப்பாதான் கேட்டார். "டேய், வேலூர், பெங்களூர் வண்டி எல்லாம் இன்னும் கோயம்பேட்டுலதானே நிக்குது? காய்கறி மார்க்கெட்டையுமா வண்டலூர் பக்கம் தூக்கிட்டுப் போயிட்டே?"

போயிருந்தேன். ஒரு பக்கத்தில் 'கிளாம்பாக்கம் சந்தையில் பூ வாங்கிக்கொண்டு' என்று இருந்தது. நல்லவேளை இது சோதனை ஓட்டம், டேபிளில் எழுதவில்லை.

கணுவின் எழுத்தை மட்டும் பார்த்து இதை முடிவு செய்ய முடியாது. சந்தை, மார்க்கெட், மெட்ரோ, வேலூர், காஞ்சிபுரம், பெங்களூரு என்று ஒரு பட்டியல் வைத்து, அதே பத்தியில் இவற்றில் ஒன்று இருந்தால் தானாக மாற்றாதே, தள்ளி வை என்று சொன்னேன். தள்ளி வைத்ததையும் மாற்றப் போவதையும் சேர்த்து ஒரு பக்கமாக அச்சிட்டேன், இடது பக்கம் பழைய வாக்கியம், வலது பக்கம் புது வாக்கியம், ஓரத்தில் ஒரு டிக் பெட்டி. சித்தப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக டிக் அடித்தார். நடுவில் மூன்று எழுத்துப்பிழையும் கண்டுபிடித்தார், அவருடையதுதான், என் மேல் போட்டார். டிக் விழுந்த வரிகளை மட்டும் ஸ்கிரிப்ட் எழுதியது.

ஸ்கிரிப்ட் இப்போதும் சர்வரில் தனி ஃபோல்டரில் இருக்கிறது. போன வாரம் மறுபடி போன். மேற்குப் பக்கம் போகும் வண்டிகளையும் குத்தம்பாக்கத்துக்கு மாற்றப் போகிறார்களாமே, அப்போது என்ன செய்வாய் என்று கேட்டார். அர்ரேயைத் திறந்து பார்த்தேன். குத்தம்பாக்கத்தில், குத்தம்பாக்கத்துக்கு, குத்தம்பாக்கத்தை. நல்லவேளை, அதுவும் பாக்கம்தான்.